பெரியண்ணன் ஆட்சியில் பிள்ளைப் பருவம்

செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதனை அடுத்தே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். குடிகளை அலைத்துப் பொருள் பறிக்கும் வேந்தனை நாம் அங்கே காண்கிறோம். பழங்காலத்துக் கொடுங்கோலன் வேண்டியவை பெரும்பாலும் மூன்று: குடிகளின் பொருள், அவர்களின் உழைப்பு, அவர்களின் பணிவு. இம்மூன்றையும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட குடிமகனின் வீட்டுக்குள் அவன் நுழைந்ததில்லை. அடுப்பங்கரையில் அமர்ந்து பாட்டி தன் பேரனுக்குச் சொல்லும் கதையைக் கேட்க அவனுக்கு விருப்பமும் இல்லை. விரும்பினாலும் வழி இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் சர்வாதிகாரிகளுக்கு அந்த வழி கிடைத்தது. நாடு முழுவதற்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே சீருடை, ஒரே கொடி, ஒரே முழக்கம் என்று வகுக்க அவர்களால் முடிந்தது. 1933-இல் ஜெர்மனியின் நாஜி அரசு, எளியோரும் வாங்கத்தக்க மலிவு விலை வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்வித்து, தன் தலைவனின் குரலை வீட்டுக் கூடத்துக்கே கொண்டு சேர்த்தது. வானொலியைச் சார்ந்து வாழும் நாம் இதனை மறத்தல் ஆகாது. அறிவைப் பரப்பும் கருவியே அறிவை அடைக்கும் கருவியாகவும் ஆகும் என்பதற்கு அக்காலம் சான்று.

இப்படிப்பட்ட ஆட்சியில் பிறந்து வளரும் குழந்தை என்னவாகும்? முந்திய காலத்தை ஒரு நாளும் காணாத பிள்ளைக்கு, தான் அடிமை என்பது எவ்வாறு தெரியும்? இந்த வினாவை எழுப்பிய நூல்களுள் மிகப் பெரும் புகழ் பெற்றது, ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் வெளிவந்த 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' என்னும் நாவலாகும். எழுதப்பட்ட காலத்திற்குச் சற்றேறக்குறைய 35 ஆண்டுகள் பின்னால் நிகழ்வதாகப் புனையப்பட்டமையால் அதனை விஞ்ஞானக் கதை வரிசையில் வைப்பர். அரசியல் நாவல் என்று போற்றுவோரும் உளர். அந்நூலைக் குழந்தைப் பருவத்தைப் பற்றிய நூலாகவும் படிக்கலாம் என்பதே நாம் இங்குக் கூற முற்படுவது.

ஆர்வெல் என்பது புனைபெயர். எரிக் ஆர்தர் பிளேர் என்பது இயற்பெயர். அவர் பிறந்த ஊர் நம் நாட்டில் இருக்கிறது. பீகார் மாநிலத்தின் சம்பாரண் பகுதியிலுள்ள மோதிஹாரியில் 1903-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ரிச்சர்ட் பிளேர் பிரிட்டிஷ் அரசின் அபின் இலாகாவில் அலுவலர். உழவரிடம் கசகசாப் பயிரின் பாலைக் கொள்முதல் செய்து, அபினாக்கிச் சீனத்திற்கு ஏற்றுமதி செய்த இலாகா அது. குழந்தைக்கு ஓராண்டு நிரம்பிய அளவில் தாயார் அவரை இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றுவிட்டார். அதே மோதிஹாரியின் நீதிமன்றத்தில்தான் 1917-ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகள் நின்று, சம்பாரணை விட்டு வெளியேறுமாறு அரசு இட்ட ஆணைக்குப் பணிய மறுத்தார். அவுரி பயிரிடுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட உழவர்களின் குறைகளைக் கேட்டறிய வந்த அவர், அதற்குரிய தண்டனையை ஏற்க ஆயத்தமாக இருந்தார். அடக்குமுறையை ஆராய்ந்த எழுத்தாளர் பிறந்ததும், அடக்குமுறையை எதிர்க்கும் புதிய முறை இந்திய மண்ணில் தொடங்கியதும் ஒரே ஊரில் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அடக்குமுறை என்பதை ஆர்வெல் முதலில் அறிந்தது நூல்களில் அன்று, பள்ளியில். எட்டாம் வயதில் தென் இங்கிலாந்திலுள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். கட்டணச் சலுகையில் சேர்க்கப்பட்ட பிள்ளை அவர். அந்நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பின்னர் 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. குழந்தை அறியாமலே செய்துவிடும் ஒன்றுக்கும் தண்டனை உண்டு. விதி எது என்று தெரியாமலே விதியை மீறியவனாகலாம். மேலே உள்ளவர்களை வெறுத்துக்கொண்டே, அவர்கள் சொல்வதே சரி என்றும் நம்பலாம். பெரியவர்கள் மறந்துவிடும் இந்த உண்மையை அவர் மறக்கவில்லை. அந்தப் பள்ளியைப் பற்றிய அவருடைய தீர்ப்பை உடன் பயின்ற சிலர் ஒப்பவில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் மனத்தில் அச்சம் எவ்வாறு குற்ற உணர்ச்சியாக மாறுகிறது என்பதை அக்கட்டுரை காட்டும் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் எழுத்து அரிது.

பின்னர் அவர் 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியத்தின் போலீஸ் அதிகாரியாகப் பணிபுரிந்தார். அடக்கப்பட்டவனாகப் பள்ளியில் இருந்தவர், அடக்குபவனாகப் பர்மாவில் இருந்தார். அந்தப் பணி அவருக்குக் கசந்தது. விடுப்பில் ஊர் திரும்பியவர் மீண்டும் செல்லவில்லை. 1936-இன் இறுதியில் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்துப் போரிடச் சென்று, கழுத்தில் குண்டடிபட்டுப் பிழைத்தார். தம்முடன் ஒரே அணியில் நின்று போரிட்டவர்களையே துரோகிகள் என்று பொய் கூறி ஸ்டாலினைச் சார்ந்தோர் சிறையிலடைத்ததை அங்கே கண்டார். நடந்ததை நடக்கவில்லை என்றும், நடவாததை நடந்தது என்றும் செய்தித்தாள்கள் எழுதியதையும் அங்கேயே கண்டார்.

அடுத்த பணி வானொலிப் பணி. 1941 ஆகஸ்டு முதல் 1943 நவம்பர் வரை பி.பி.சி.யின் கீழ்த்திசைப் பிரிவில், இந்தியாவுக்கான பேச்சு நிகழ்ச்சிகளை அவர் அமைத்தார். முல்க் ராஜ் ஆனந்த் முதலிய இந்திய எழுத்தாளர்கள் அந்நிகழ்ச்சிகளில் பங்கேற்றனர். போர் நிலவரம் குறித்து ஆர்வெல் ஆங்கிலத்தில் எழுதிய செய்தி மடல்கள் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. ஆதலின், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அந்த எழுத்தாளரின் சொற்களை, எழுதியவர் யார் என்று அறியாமலே தமிழில் கேட்ட செவிகளும் இருந்திருத்தல் கூடும். தம் மனத்திற்கு மாறானதைக் கூறுமாறு தாம் வற்புறுத்தப்பட்டதில்லை என்று எழுதிக் கொடுத்தே அவர் அப்பணியிலிருந்து விலகினார். எனினும், பயன் விளையாத வேலையில் காலமும் பொதுப்பணமும் வீணாகின்றன என்பது அவர் எண்ணம். தணிக்கை அலுவலகங்களும், போர்க்காலச் செய்தியின் நெளிவு சுளிவுகளும் எவ்வாறு இயங்கும் என்பதை அவர் உள்ளிருந்து கற்ற காலம் அது.

இனி, அவருக்கு முன் சென்ற ஒருவரையும் நாம் நினைவுகூர்தல் வேண்டும். யெவ்கேனி ஸாமியாத்தின் என்னும் ரஷ்ய எழுத்தாளர் கப்பல் கட்டும் பொறியாளர். ஜார் ஆட்சியிலும் சிறை கண்டவர், போல்ஷெவிக் ஆட்சியிலும் சிறை கண்டவர். அவர் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் ஒரு விஞ்ஞான நாவல் எழுதினார். அதில் வரும் நாட்டில் மனிதருக்குப் பெயர் இல்லை; எண்களே உண்டு. வீட்டுச் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. குழந்தைகளைப் பெற்றோர் வளர்ப்பதில்லை. அதற்கென அரசின் தொழிற்சாலை உண்டு. தன் மகவைத் தானே வளர்க்க விரும்பிய ஒரு பெண், நாட்டைச் சூழ்ந்த பெருமதிலைக் கடந்து காட்டுக்குத் தப்பிச் செல்கிறாள். அந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1924-இல் நியூயார்க்கில் வெளியாயிற்று. ரஷ்ய நாட்டிலோ 1988 வரை அச்சேறவில்லை. ஸ்டாலினுக்கு நேரே கடிதம் எழுதி அனுமதி பெற்று 1931-இல் நாட்டை விட்டு வெளியேறிய ஸாமியாத்தின், 1937-இல் பாரிஸ் நகரில் காலமானார். ஆர்வெல் அந்நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து, 1946 ஜனவரியில் மதிப்புரை எழுதினார்.

அந்நாவலின் பெயரைத் தமிழில் சொல்லப் புகுந்தால் ஓர் இடர்ப்பாடு நேரும். கேட்போரையும் சேர்த்துச் சொல்லும்போது 'நாம்' என்கிறோம். அவரை விலக்கிச் சொல்லும்போது 'நாங்கள்' என்கிறோம். ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அச்சொல்லையே ஸாமியாத்தின் தம் நூலுக்குப் பெயராக வைத்தார். கொடுங்கோலாட்சியின் சூழ்ச்சி முழுவதும் இந்த இரு தமிழ்ச் சொற்களுக்கு இடையே இருக்கிறது எனலாம். ஆள்வோர் மேடையில் நின்று 'நாம்' என்று முழங்குவர். அவர்கள் கருதுவதோ 'நாங்கள்' என்பதை. இந்த வேறுபாட்டை அறியாத வயதினர் யார்? குழந்தைகளே அல்லரோ!

ஆர்வெல் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு 1945 ஆகஸ்டில் வெளிவந்த அவரது 'விலங்குப் பண்ணை'யே சான்று. பண்ணையைக் கைப்பற்றிய பன்றித் தலைவன் நெப்போலியன், பால்குடி மறந்த ஒன்பது நாய்க்குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்து, கல்வி புகட்டுவதாகக் கூறிப் பரண் மேல் வைத்து வளர்க்கிறான். மற்ற விலங்குகள் அக்குட்டிகளை மறந்தே போகின்றன. ஒரு நாள் அவை கொடிய வேட்டை நாய்களாக வெளிப்பட்டு, தலைவனின் போட்டியாளனை விரட்டியடிக்கின்றன. அந்தப் பண்ணையில் உரிமை இறந்தது அன்றுதான் என்று பலரும் கூறுவர். கூர்ந்து நோக்கினால், குட்டிகள் பரணேறிய அன்றே அது இறந்துவிட்டது.

இவை வெறும் கற்பனைகள் அல்ல. ஜெர்மனியில் 1936-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், நாட்டின் இளைஞர் அனைவரையும் ஹிட்லர் இளைஞர் இயக்கத்திற்கு உரியவர் ஆக்கியது. 1939 மார்ச்சில் வந்த ஆணை, பத்து வயது முதல் பதினெட்டு வயது வரை அதில் சேர்வதைக் கட்டாயமாக்கியது. சோவியத் நாட்டில் பாவ்லிக் மொரோஸோவ் என்னும் சிறுவன் 1932 செப்டம்பரில் யூரல் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் கொல்லப்பட்டான். தந்தையின் குற்றத்தை அரசுக்குக் காட்டிக்கொடுத்த வீரச் சிறுவன் என்று அவனைப் பாடப்புத்தகங்கள் போற்றின. அவனுக்குச் சிலைகளும் எழுந்தன. நிகழ்ச்சி அவ்வாறுதான் நடந்ததா என்று பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஐயத்திற்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு: பெற்ற தந்தையைக் காட்டிக்கொடுப்பதே பிள்ளைக்கு அறம் என்று கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஓர் அரசு கற்பித்தது. தந்தை சொல்லைத் தலைமேற்கொண்டு காடேகிய இராமன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது நெஞ்சை நடுக்கும் செய்தி.

இனி நாவலுக்குள் புகுவோம். அந்நாட்டின் தலைவனைப் பெரியண்ணன் என்று அழைக்கின்றனர். அரசன், அதிபன், தளபதி என்னும் பட்டங்கள் ஒன்றும் அவனுக்கு இல்லை. வீட்டில் மூத்தவனுக்குரிய உறவுப் பெயரே அவன் பட்டம். அண்ணன் என்றால் தோளில் தூக்கிச் செல்பவன், அடிக்க வருவோரைத் தடுப்பவன் என்பது நம் உணர்வு. அந்த உணர்வையே அவ்வரசு திருடிக்கொள்கிறது. குடும்பத்தை அழிப்பதற்குக் குடும்பத்தின் சொல்லையே எடுத்துக்கொள்கிறது. கட்சியினரின் வீடுதோறும் தொலைத்திரை என்னும் கருவி சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். அது காட்டவும் செய்யும், காணவும் செய்யும். சாதாரணக் கட்சியினர் வீட்டில் அதனை முற்றிலும் நிறுத்துவதற்கு வழியில்லை.

ஆயினும் தொலைத்திரையைவிடக் கூர்மையான கண்கள் அவ்வீடுகளில் உண்டு. கதைத்தலைவனான வின்ஸ்டன் ஸ்மித்தின் அண்டை வீட்டில் பார்ஸன்ஸ் என்பவன் வாழ்கிறான். கட்சிக்கு உழைப்பதையே இன்பமாகக் கொண்ட, சூது அறியாத மனிதன். அவனுக்கு ஒன்பது வயது மகன் ஒருவன், ஏழு வயது மகள் ஒருத்தி. இருவரும் 'ஒற்றர்' என்னும் சிறுவர் படையில் சேர்ந்தவர்கள். கைதிகள் தூக்கிலிடப்படுவதைக் காண அழைத்துச் செல்லவில்லை என்று அவர்கள் அழுது அடம் பிடிக்கின்றனர். தாய் அவர்களைக் கண்டு அஞ்சுகிறாள். ஓர் இரவில் பார்ஸன்ஸ் உறக்கத்தில் பெரியண்ணனுக்கு எதிராக ஏதோ உளறிவிட, சாவித்துளை வழியே கேட்ட சிறுமி மறுநாளே காவலரிடம் சொல்லிவிடுகிறாள். சிறைக்கூடத்தில் அவனை வின்ஸ்டன் சந்திக்கிறான். அங்கேயும் அவன் மகளை நோகவில்லை. நல்ல முறையில் வளர்த்தேன் என்பதற்கு இதுவே அடையாளம் என்று பெருமை கொள்கிறான்! அந்நாவலில் சித்திரவதைக் காட்சிகள் பல உண்டு. அவற்றுள் எதனினும் இந்தத் தந்தையின் பெருமிதம் கொடிது என்பது நம் கருத்து.

இக்காட்சியை எழுதியவர் அப்போது ஒரு சிறு குழந்தையின் தந்தை என்பதை அறிந்தால், அதன் கனம் மேலும் விளங்கும். ஆர்வெலும் அவர் மனைவி ஐலீனும் 1944 ஜூனில் ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுத்து ரிச்சர்ட் என்று பெயரிட்டனர். அம்மாத இறுதியிலேயே ஜெர்மானியரின் பறக்கும் குண்டினால் அவர்கள் குடியிருந்த வீடு சிதைந்தது. 1945 மார்ச்சில் அறுவை சிகிச்சையின்போது ஐலீன் உயிர் நீத்தார். குழந்தையை வேறு எவரிடமேனும் ஒப்படைத்துவிடலாம் என்று நண்பர் சிலர் கூறினர். ஆர்வெல் இசையவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஜூரா என்னும் தீவில், பார்ன்ஹில் என்ற தனிவீட்டில், தம் தங்கை அவ்ரிலின் துணையோடு அக்குழந்தையை வளர்த்துக்கொண்டே நாவலை எழுதினார். காசநோய் முற்றியது. நோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சி, அணைக்க ஓடி வரும் குழந்தையை விலக்கியே வைக்க நேர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் இறுதியில் படுக்கையில் சாய்ந்தபடியே தட்டெழுத்துப் பொறியில் பிரதி முழுவதையும் தாமே அடித்து முடித்தார். நூல் வெளிவந்து எட்டுத் திங்கள் நிறையுமுன், 1950 ஜனவரி 21-ஆம் நாள், 46-ஆம் வயதில் மறைந்தார்.

நாவலில் ஒரு கணக்கு வருகிறது. வின்ஸ்டனுக்கு வயது 39. தான் 1944-இலோ 1945-இலோ பிறந்ததாக அவன் நம்புகிறான். ரிச்சர்ட் பிறந்த ஆண்டும் 1944. ஆகவே, தம் மகன் நடுவயதை எட்டும்போது எத்தகைய உலகில் வாழ்வான் என்று கவலையுற்ற ஒரு தந்தையின் நூலாகவும் இதனை நாம் கொள்ளலாம். எதிர்காலத்தைக் கண்டறிந்து சொல்லும் சோதிடம் அன்று அது. இப்படி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னால் வருவோருக்கு விடுத்த எச்சரிக்கை.

வின்ஸ்டனின் சொந்தப் பிள்ளைப் பருவமும் நூலில் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. பஞ்ச காலம். தாய், வின்ஸ்டன், நோயுற்ற சிறு தங்கை என மூவர். பங்கீட்டில் கிடைத்த சிறு சாக்லேட் கட்டியில் பெரும்பகுதியைத் தாய் மகனுக்கே கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் குழந்தையிடம் கொடுக்கிறாள். சிறுவன் அதையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். ஓடும்போது திரும்பிப் பார்க்கிறான். தாய் தங்கையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். சில மணி நேரம் கழித்து அவன் வீடு திரும்பும்போது இருவரும் அங்கில்லை. பின்னர் ஒருநாளும் இல்லை. அந்த அணைப்பினால் சாக்லேட் திரும்பி வரவில்லை. குழந்தையின் பசியும் ஆறவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் சென்றும் வின்ஸ்டன் அதனை மறக்கவில்லை. பயன் கருதாமல் அன்பு செய்யும் மனிதர் ஒரு காலத்தில் இருந்தனர் என்பதற்கு அவனிடம் எஞ்சிய ஒரே சான்று அது. அவன் கட்சியை வெறுப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் இனிப்புப் பண்டங்களுக்கு 1942 ஜூலையில் பங்கீடு வந்தது. நாவல் வெளிவந்தபோதும் அந்த நாட்டு மக்களுக்கு அந்நினைவு பழையதாகவில்லை.

ஜூலியாவின் நிலை வேறு. அவளுக்கு வயது 26. புரட்சிக்குப் பின் பிறந்தவள். ஒற்றர் படையில் தலைமை ஏற்றவள். கட்சியின் விதிகளை மறைவில் மீறுவதில் வல்லவள். ஆனால் அந்த ஆட்சிக்கு முன்பு வேறோர் உலகம் இருந்ததா என்ற வினாவில் அவளுக்கு அக்கறை இல்லை. வானத்தைப் போல, என்றும் இருந்து வருவதாகவே கட்சியை அவள் காண்கிறாள். பழங்காலத்தைப் பற்றி அவளிடம் பேசியவர் ஒருவரே. அவர் அவளுடைய தாத்தா. அவளுக்கு எட்டு வயதானபோது அவரும் காணாமற்போனார். அவர் கற்பித்த ஒரு சிறுவர் பாட்டின் சில அடிகள் மட்டும் அவள் நாவில் தங்கியுள்ளன. லண்டன் மாநகரின் கோயில் மணிகளைப் பற்றிய, ஆரஞ்சும் எலுமிச்சையும் வரும் பழம்பாட்டு அது. அதன் தொடக்கத்தை ஒரு பழம்பொருள் வணிகர் வின்ஸ்டனுக்குச் சொல்கிறார்; இடையடி ஜூலியாவிடம் கிடைக்கிறது; விடுபட்டதைக் கட்சியின் உயர் அலுவலன் ஓபிரையன் நிறைவு செய்கிறான். பின்னர் அந்த வணிகர் அரசின் காவலர் என்பதும், ஓபிரையனே வதை செய்பவன் என்பதும் தெரிய வருகின்றன. ஒரு சிறுவர் பாட்டை முழுமையாக நினைவில் வைத்திருக்கும் உரிமை அந்நாட்டில் ஆள்வோருக்கு மட்டுமே என்றால், எஞ்சியோரின் நிலையை வேறு சொல்லவும் வேண்டுமோ!

அகராதியைச் சுருக்குவதும் இதே திட்டத்தின் ஒரு கூறு. அந்நாட்டு அறிஞர்கள் 'புதுமொழி' ஒன்றை ஆக்குகின்றனர். ஆண்டுதோறும் சொற்கள் பெருகும் மொழிகளையே நாம் அறிவோம். புதுமொழியிலோ ஆண்டுதோறும் சொற்கள் குறையும். நாய்க்கு உண்ணியிலிருந்து விடுதலை என்று சொல்வதற்கு வேண்டிய அளவில் மட்டும் விடுதலை என்னும் பொருளுக்குச் சொல் இருக்கும். மனிதனுக்கு விடுதலை என்று சொல்ல இராது. முதியவர்களை மாற்றுவது அத்திட்டத்தின் நோக்கம் அன்று. அவர்கள் பழஞ்சொற்களோடு இறந்துவிடுவர். இனிப் பிறக்கும் குழந்தைகளுக்காகவே அது வகுக்கப்பட்டது. ஆகையால்தான் 2050-ஆம் ஆண்டு அதற்கு எல்லையாகக் குறிக்கப்பட்டது.

இத்தகைய ஆட்சியில் வளரும் பிள்ளைகளுக்கு மீட்சியே இல்லையா என்று நாம் கேட்கலாம். நாவலின் கதை இல்லை என்று முடிகிறது. வரலாறு அவ்வாறு முடியவில்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்னும் அண்ணனும் தங்கையும் இளமையில் ஹிட்லரின் இளைஞர் இயக்கங்களில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் தந்தை ராபர்ட் ஷோல் அவ்வாட்சியை ஏற்காதவர். அதனை வீட்டில் மறைக்காதவர். ஹிட்லரைப் பழித்துப் பேசினார் என்று அலுவலகப் பெண் ஒருத்தி காட்டிக்கொடுக்க, 1942-இல் சிறை சென்றவர். வீட்டில் கேட்ட சொல் பிள்ளைகளின் உள்ளத்தில் உறங்கிக் கிடந்து, உரிய நாளில் விழித்துக்கொண்டது. ம்யூனிக் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது நண்பர்களுடன் 'வெள்ளை ரோஜா' என்னும் குழுவாக இயங்கி, ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கைகள் பரப்பினர். 1943 பிப்ரவரி 22-ஆம் நாள் இருவரும் கொல்லப்பட்டனர். சோஃபிக்கு அப்போது வயது 21.

பார்ஸன்ஸ் வீட்டையும் ஷோல் வீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சீருடையும் முழக்கமும் வெளியே கிடைத்தன. ஒரு வீட்டில் அதற்கு மாறான சொல் ஒன்று இருந்தது, மற்றொன்றில் இல்லை. அரசு கற்பிப்பதை முழுவதும் தடுக்கப் பெற்றோரால் இயலாது. அரசு கற்பிப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நினைவைப் பிள்ளைக்குக் கொடுப்பது அவர்களால் இயலும். ஒப்பிடத் தெரிந்த குழந்தை முழு அடிமை ஆவதில்லை. நாவலின் முடிவிலும் நம்பிக்கைக்கு ஒரு சிறு இடம் உண்டு. புதுமொழியைப் பற்றிய பின்னிணைப்பு, முடிந்துபோன ஒன்றைக் கூறுவது போல இறந்தகாலத்தில் எழுதப்பட்டுள்ளது. அவ்வாட்சியும் ஒருநாள் அழிந்தது என்பதற்கு அதுவே குறிப்பு என்று சில திறனாய்வாளர் கருதுவர்.

தொழில் கருதித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிற ஊர்களிலும் வாழும் நமக்கு இதில் என்ன? நம் பிள்ளைகளை எந்தப் பெரியண்ணனும் பறித்துச் செல்லவில்லை. வேற்று மொழி பேசும் அண்டை வீட்டார் நமக்கு அன்பர்களே. அவர்கள் மொழியை நம் பிள்ளைகள் கற்பது செல்வமே. ஆயினும் தாத்தாவும் பாட்டியும் ஊரில் இருக்க, பெற்றோர் இருவரும் அலுவலில் இருக்க, பிள்ளையின் நாவிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்வதை நாம் காண்கிறோம். மாமா, சித்தப்பா, பெரியப்பா என்னும் மூன்று உறவும் ஒரே அயற்சொல்லில் அடங்கிவிடுகின்றன. அவ்வரசு தண்டனையால் செய்ததை, நம் வீடுகளில் நேரமின்மை ஓசையின்றிச் செய்துவிடக்கூடும். அங்கே தாத்தாவை அரசு கொண்டுபோயிற்று. இங்கே அவர் தொலைபேசியில் அழைத்தால் வந்து பேசுவார். அவர் இருக்கும்போதே அவரைப் பேசச் செய்வது நம் கையில் உள்ளது.

அவரிடம் கேட்க வேண்டியவை பெருமைக் கதைகள் மட்டும் அல்ல. எந்த ஆண்டு பஞ்சம் வந்தது, ஊரில் யாருக்கு எது மறுக்கப்பட்டது, எதை எதிர்த்து யார் நின்றார், எதற்கு யார் அஞ்சி வாய்மூடி இருந்தார் என்பனவும் கேட்கத்தக்கவை. அவற்றைக் கேட்டு வளரும் பிள்ளைதான், பின்னொரு நாள் மேடையில் ஒருவன் 'நாம்' என்று முழங்கும்போது, அதில் தானும் தன் அண்டை வீட்டானும் உண்மையில் அடங்கியிருக்கிறோமா என்று கேட்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த மக்கள் வாழும் நாட்டில் பெரியண்ணன் குடியேறுவது எளிதன்று.